மூளையின் தடுப்புச் சுவரை முதலில் கண்ட பால் எர்லிக்

பெங்களூரு: ரத்தத்தில் செலுத்தப்படும் மருந்துகளில் பெரும்பாலானவற்றை மூளைக்குள் நுழையவிடாத 'ரத்த-மூளைத் தடுப்பு', பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மையங்களில் மூளைக் கட்டிக்குச் சிகிச்சை அளிப்போர் இன்றும் எதிர்கொள்ளும் சவாலாகும். அதன் முதல் தடயத்தைக் கண்டவர் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக்.

தற்போது போலந்தில் உள்ள ஸ்ட்ரேலன் நகரில் 1854 மார்ச் 14-ல் பிறந்த எர்லிக், திசுக்களுக்கு நிறமேற்றும் ஆய்வில் ஈடுபட்டார். விலங்குகளின் ரத்தத்தில் செலுத்திய சில சாயங்கள் பிற உறுப்புகளில் படிந்தும் மூளையில் படியவில்லை என 1885-ல் பதிவு செய்தார். மூளைத் திசு சாயத்தை ஈர்ப்பதில்லை என்றே அவர் கருதினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன், 1913-ல் மூளைத் தண்டுவட நீரில் சாயத்தைச் செலுத்தினார். மூளை நிறமேறியது, பிற உறுப்புகள் நிறமேறவில்லை. ஆசிரியரின் கணிப்பு தவறு என்பதும், இடையே ஒரு தடுப்பு இருப்பதும் புலனாயின.

நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்காக 1908-ல் மெக்னிகாஃபுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எர்லிக், நோயை மட்டுமே தாக்கும் 'மாயத் தோட்டா' மருந்தைக் கனவு கண்டார். 1915 ஆகஸ்ட் 20-ல் காலமானார்.

இன்றைய ஆன்டிபாடி மருந்துகள் அக்கனவின் தொடர்ச்சியே. எனினும், உருவில் பெரிய அப்புரதங்களில் மிகச் சிறு பங்கே மூளையை அடைகிறது. கேளா ஒலி அலைகளால் தடுப்பைத் தற்காலிகமாகத் திறக்கும் ஆய்வுகள் உலகெங்கும் நடைபெற்று வருகின்றன.