ரெயிலுக்கு வழி அமைத்த சுரங்கத் தொழிலாளி

1825-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி. இங்கிலாந்தில் ஸ்டாக்டன், டார்லிங்டன் என்ற ஊர்களில் ஒரே கூட்டம். குதிரை இல்லாமல் ஓடும் வண்டியைப் பார்க்க ஜனங்கள் திரண்டு நின்றார்கள்.

புகை கக்கிக்கொண்டு என்ஜின் வந்தது. அதன் பின்னால் நிலக்கரியும் மாவும் ஏற்றிய வண்டிகள். அவற்றில் நூற்றுக்கணக்கான ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

என்ஜினை ஓட்டியவரே அந்தப் பாதையைப் போட்டவர். என்ஜினும் அவருடைய தொழிற்சாலையில் செய்ததுதான். அவர் பெயர் ஜார்ஜ் ஸ்டீபன்சன்.

அந்த மேதைக்கு 18 வயது வரை எழுதப் படிக்கத் தெரியாது!

ஒரே அறையில் குடும்பம்

ஸ்டீபன்சன் 1781-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி பிறந்தார். ஊர் வைலம். நியூகாசில் நகருக்குப் பக்கத்தில் உள்ள கிராமம்.

தந்தை நிலக்கரிச் சுரங்கத்தில் என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் தொழிலாளி. குடும்பம் முழுவதும் ஒரே அறையில் வாழ்ந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வழி இல்லை. ஜார்ஜ் சிறு வயதில் மாடு மேய்த்தார். பிறகு அவரும் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார்.

சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற நீராவி என்ஜின் உண்டு. 17 வயதில் ஜார்ஜ் அதைக் கவனிக்கும் வேலைக்கு உயர்ந்தார். என்ஜினைப் பற்றிப் புத்தகங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். ஆனால் படிக்கத் தெரியவில்லையே!

அவர் வெட்கப்படவில்லை. இரவுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். பகல் முழுவதும் உழைப்பு. இரவில் எழுத்தும் கணக்கும். அற்பச் சம்பளத்தில் பள்ளிக்கூடத்துக்கும் பணம் கட்டினார்.

துயரம்

1802-ல் பேன்னி என்ற பெண்ணை மணந்தார். மறு ஆண்டு ராபர்ட் என்ற மகன் பிறந்தான். அடுத்துப் பிறந்த பெண் குழந்தை மூன்றே வாரத்தில் இறந்தது. 1806-ல் மனைவியும் காசநோயால் இறந்தாள். சுரங்க விபத்தில் தந்தையின் கண்பார்வை போயிற்று.

பெற்றோரையும் மகனையும் காப்பாற்றும் பொறுப்பு ஜார்ஜின் தலையில் விழுந்தது. கடிகாரம் ரிப்பேர் செய்தார். செருப்புத் தைத்தார். மகனுக்காவது நல்ல படிப்புக் கொடுக்க வேண்டும் என்று உறுதி கொண்டார்.

ராபர்ட்டை நியூகாசில் நகரப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மகன் பகலில் படித்ததை மாலையில் தந்தையும் சேர்ந்து படித்தார். நூல் நிலையத்தில் இருந்து மகன் கொண்டுவரும் புத்தகங்களை இருவரும் விளக்கடியில் படித்தார்கள். 1816-ல் இருவரும் சேர்ந்து கல்லில் ஒரு சூரிய கடிகாரம் செய்து, வீட்டு வாசலுக்கு மேலே பதித்தார்கள்.

விளக்கும் வழக்கும்

அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் தீ விளக்கு கொண்டுபோவது ஆபத்து. அங்கே கசியும் வாயுவில் தீப்பட்டால் சுரங்கமே வெடிக்கும். 1812-ல் பெல்லிங் என்ற சுரங்கம் வெடித்து, சிறுவர்கள் உள்பட 92 பேர் மாண்டார்கள்.

1815-ல் ஸ்டீபன்சன் ஆபத்து இல்லாத விளக்கு ஒன்றைச் செய்தார். வாயு கசியும் இடத்துக்கு அதைத் தாமே ஏந்திச் சென்று சோதித்தார். விளக்கில் கோளாறு இருந்திருந்தால் அவர் உயிர் போயிருக்கும்.

அதே சமயத்தில் லண்டனில் ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியும் ஒரு விளக்கைக் கண்டுபிடித்தார். டேவிக்கு 2 ஆயிரம் பவுன் பரிசு கிடைத்தது. ஸ்டீபன்சனுக்கோ திருட்டுப் பட்டம் கிடைத்தது! படிக்காத தொழிலாளிக்கு இவ்வளவு அறிவு ஏது என்று சந்தேகித்தார்கள். உள்ளூர்க்காரர்கள் விசாரித்து, அவர் குற்றமற்றவர் என்று கூறி, ஆயிரம் பவுன் திரட்டிக் கொடுத்தார்கள். 1833-ல் பார்லிமெண்டு கமிட்டியும் அவருடைய உரிமையை ஒப்புக்கொண்டது.

தண்டவாளம்

ரெயில் என்ஜினை முதலில் ஓட்டியவர் ஸ்டீபன்சன் அல்ல. 1804-லேயே டிரெவிதிக் என்பவர் ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் என்ஜினின் பாரம் தாங்காமல் தண்டவாளம் உடைந்தது.

என்ஜினும் பாதையும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதை ஸ்டீபன்சன் உணர்ந்தார். 1814-ல் அவர் செய்த முதல் என்ஜின் 30 டன் பாரத்தை இழுத்தது. பிறகு ஸ்டாக்டன் பாதை போடும் வேலை வந்தது. வார்ப்பு இரும்புத் தண்டவாளம் செய்யும் உரிமையில் அவருக்கும் பங்கு உண்டு. அதை வாங்கச் சொன்னால் அவருக்கே லாபம். ஆனால் வேறொருவர் செய்த தேனிரும்புத் தண்டவாளமே உறுதியானது என்று சொல்லி, அதையே போடச் செய்தார். அதனால் கூட்டாளியின் நட்பையும் இழந்தார்.

பார்லிமெண்டில் அவமானம்

அடுத்து, லிவர்பூல் நகரில் இருந்து மான்செஸ்டருக்கு ரெயில் பாதை போடத் திட்டம் வந்தது. 1825-ல் பார்லிமெண்டு கமிட்டி முன் வக்கீல்கள் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். அவருடைய கிராமத்துப் பேச்சைக் கேலி செய்தார்கள். நில அளவைக் கணக்கிலும் பல தவறுகள் வெளியாயின. அளந்தவர்கள் அவருடைய ஆட்கள். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே? மசோதா தோற்றது. வேலையும் போயிற்று.

1826-ல் மசோதா நிறைவேறியதும் அவரையே மீண்டும் அழைத்தார்கள். வழியில் சாட் மாஸ் என்ற பெரிய சதுப்பு நிலம். அங்கே பாதை போடவே முடியாது என்று நிபுணர்கள் கைவிரித்தார்கள். ஸ்டீபன்சன் செடி, கொம்புகளைப் பின்னித் தட்டிகளாகப் பரப்பி, அதன்மேல் பாதையை மிதக்க விட்டார்!

1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்ற இடத்தில் என்ஜின் பந்தயம் நடந்தது. பரிசு 500 பவுன். தந்தையும் மகனும் உருவாக்கிய ராக்கெட் என்ற என்ஜின் ஒன்றுதான் பந்தயத்தை ஓடி முடித்தது. அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 30 மைல்.

திறப்பு விழாவில் விபத்து

1830 செப்டம்பர் 15-ந் தேதி பாதை திறக்கப்பட்டது. பிரதம மந்திரி வெல்லிங்டன் பிரபுவும் வந்தார். வழியில் ரெயில் நின்றபோது லிவர்பூல் பார்லிமெண்டு மெம்பர் ஹஸ்கிசன் கீழே இறங்கினார். எதிரே வந்த ராக்கெட் என்ஜின் அவர் காலில் ஏறியது. ஸ்டீபன்சன் அவரை வேறு என்ஜினில் ஏற்றி, தாமே அதிவேகமாக ஓட்டிச் சென்றார். ஆனாலும் அன்று இரவே ஹஸ்கிசன் இறந்தார்.

இந்தத் துயரத்துக்குப் பிறகும் ஜனங்கள் ரெயிலைக் கைவிடவில்லை. இங்கிலாந்து எங்கும் பாதைகள் பரவின.

ஸ்டீபன்சன் 1848 ஆகஸ்டு 12-ந் தேதி 67-வது வயதில் காலமானார். மகன் ராபர்ட் பெரிய என்ஜினீயராகவும் பார்லிமெண்டு மெம்பராகவும் விளங்கினார்.

ஸ்டீபன்சன் போட்ட பாதையின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். உலகில் பெரும்பாலான ரெயில் பாதைகளுக்கு அதே அகலம்தான். சென்னை மெட்ரோ ரெயில் பாதைக்கும் அதே அளவுதான்.

1990-ல் வெளியான இங்கிலாந்தின் 5 பவுன் நோட்டில் அவர் படத்தை அச்சிட்டார்கள். 18 வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்தவருக்குக் கிடைத்த மரியாதை அது!