யார் இந்த டாப்ளர்? கல்லீரல் மாற்று நோயாளிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில் இவர் பெயர் வந்தது எப்படி?

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிஞ்சு ஐசியு-வில் இருப்பவர்களுக்கு, முதல் சில நாட்கள் படுக்கைக்கே மெஷினைக் கொண்டு வந்து ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். ரிப்போர்ட்டில் 'டாப்ளர்' என்று இருக்கும். அது ஒரு மனிதரின் பெயர். மனிதருக்கு முதல் கல்லீரல் மாற்று சிகிச்சை நடந்ததே 1963-ல்தான். ஆனா டாப்ளர் இறந்தது 1853-ல்!

கிறிஸ்டியன் டாப்ளர் 1803-ல், இன்றைய ஆஸ்திரியாவில் உள்ள சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். குடும்பத் தொழில் கல் வேலை. உடம்பு ஒத்துழைக்காததால் படிப்புப் பக்கம் போனார். படித்தும் சரியான வேலை கிடைக்கல. நூற்பாலையில் கணக்கு எழுதினார். வெறுத்துப் போய் 1835-ல் சாமான்களை விற்றுவிட்டு அமெரிக்கா கிளம்பத் தயாரானபோதுதான், பிராக் நகரில் ஆசிரியர் வேலை கிடைத்தது.

அங்கேதான் 1842 மே 25-ல் அந்தக் கட்டுரையை வாசித்தார். விஷயம் சிம்பிள். ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கீச்சென்று கேட்கும். தாண்டிப் போனதும் சுருதி இறங்கிடும். நகரும் பொருளிலிருந்து வரும் அலை இப்படித்தான் மாறும் என்றார். இதை வைத்து நட்சத்திரங்களின் நிறத்துக்கு அவர் சொன்ன விளக்கம் என்னவோ தப்பு. ஆனா அடிப்படை சரி. 1845-ல் நெதர்லாந்தில் பைஸ் பாலட் என்ற விஞ்ஞானி, ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றியே இதைச் சோதித்துக் காட்டினார். 1850-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி. அங்கேயும் கடும் எதிர்ப்பு. நுரையீரல் நோயோடு வெனிஸ் போன டாப்ளர், 49 வயதில் அங்கேயே காலமானார்.

மருத்துவத்துக்குள் இது வந்தது 1950-களில், ஜப்பானின் ஒசாகாவில். ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் மாற்றத்தை வைத்து, ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா போகுதுன்னு கணக்கிடலாம். திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் ரத்தத்தின் நிறம் இல்லை. திசையைக் காட்ட மெஷின் பூசும் வண்ணம்.

புதிய கல்லீரலில் டாக்டர்கள் முக்கியமாகத் தேடுவது கல்லீரல் தமனியை. தைத்து இணைத்த இந்த மெல்லிய குழாயில் ரத்தம் உறைந்தால் ஆபத்து. காரணம், மாற்றப்பட்ட கல்லீரலின் பித்தக்குழாய்களுக்கு ரத்தம் தருவது இது ஒண்ணுதான். அடைத்தால் அவை அழுக ஆரம்பிக்கும். வெளியே அறிகுறி தெரிவதற்குள் காலம் கடந்துவிடலாம். அதனால், டாப்ளரில் ஓட்டம் தெரியாவிட்டால் உடனே சிடி ஆஞ்சியோ எடுத்து உறுதி செய்வார்கள். சீக்கிரம் தெரிந்தால் அடைப்பை நீக்கிப் பார்க்கலாம். தாமதமானால் பல நேரங்களில் இன்னொரு கல்லீரலைத் தேட வேண்டியிருக்கும்.