'நாம்' என்று சொன்னவர்

குழந்தைகளே! தமிழில் ஓர் அழகான வசதி இருக்கிறது. 'நாங்கள் விளையாடப் போகிறோம்' என்று சொன்னால், எதிரில் நிற்பவருக்கு அதில் இடமில்லை. 'நாம் விளையாடப் போகலாம்' என்று சொன்னால், அவரும் நம்மோடு சேர்ந்துவிடுவார். ஒரே ஒரு சொல்தான். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

இந்த 'நாம்' என்ற சொல்லுக்காகவே வாழ்ந்து, உயிரையும் கொடுத்த ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா? அவர் பெயர் டேமியன்.

1840ம் ஆண்டு ஜனவரி 3ம் தேதி, பெல்ஜியம் நாட்டில் ட்ரெமெலோ என்ற கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப். அண்ணனைப் பார்த்து இவரும் கிறிஸ்தவத் துறவற சபையில் சேர்ந்தார். அங்கே கிடைத்த பெயர்தான் டேமியன்.

பசிபிக் கடலில் உள்ள ஹவாய் தீவுகளுக்குச் சமயப் பணி செய்ய அண்ணன் தேர்வு செய்யப்பட்டிருந்தார். ஆனால், கிளம்பும் நேரத்தில் அவர் கடும் காய்ச்சலில் விழுந்தார். உடனே டேமியன், அண்ணனுக்குப் பதிலாகத் தன்னை அனுப்பும்படி சபைத் தலைவருக்கே கடிதம் எழுதினார். அனுமதி கிடைத்தது! பல மாதக் கப்பல் பயணத்துக்குப் பிறகு, 1864 மார்ச்சில் ஹொனலுலு துறைமுகத்தில் இறங்கினார். அதே ஆண்டு பாதிரியாராகப் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் ஹவாய் மக்களைத் தொழுநோய் வாட்டி வதைத்தது. அதற்கு மருந்து கிடையாது. நோய் பரவிவிடும் என்ற பயத்தில், 1865ல் அரசு ஒரு சட்டம் போட்டது. நோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மொலோகாய் தீவின் ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே மூன்று பக்கமும் கடல். நாலாவது பக்கம் சுவர் போல உயர்ந்த செங்குத்தான மலை. தப்பவே முடியாது. அம்மாவைப் பிரிந்த பிள்ளைகளும், பிள்ளைகளைப் பிரிந்த அம்மாக்களும் அங்கே இருந்தார்கள். போனவர்கள் திரும்புவதில்லை.

1873ல் பிஷப் தன் பாதிரியார்களிடம் இதைப் பற்றிப் பேசினார். யாரையும் போகச் சொல்லிக் கட்டளையிட அவருக்கு மனம் வரவில்லை. நான்கு பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். ஆளுக்குச் சில காலம் என்று மாறி மாறிப் போவதாகத் திட்டம். முதலில் போனவர் டேமியன். அப்போது வயது 33. அவர் திரும்பி வரவே இல்லை!

தங்க வீடில்லை. முதல் சில இரவுகள் ஒரு தாழை மரத்தின் அடியில் படுத்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். பாதிரியார் கையில் சுத்தியலும் ரம்பமும் ஏறின. நோயாளிகளுக்கு வீடுகள் கட்டினார். மலையடிவாரத்து நீரைக் குழாய் போட்டு ஊருக்குக் கொண்டு வந்தார். புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். ஆதரவற்ற சிறுவர், சிறுமியருக்கு இல்லங்கள் அமைத்தார். பிள்ளைகளுக்குப் பாட்டும் பேண்டு வாத்தியமும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இறந்தவர்களுக்குத் தானே சவப்பெட்டி செய்து, குழி வெட்டி, மரியாதையோடு அடக்கம் செய்தார்.

ஹவாய் மக்கள் சேப்பங்கிழங்கை அவித்து இடித்துக் கூழாக்கி, ஒரே பாத்திரத்தில் எல்லோரும் கைவிட்டுச் சாப்பிடுவார்கள். டேமியனும் நோயாளிகளோடு உட்கார்ந்து அதே பாத்திரத்தில் கைவிட்டார். கோயிலில் பிரசங்கம் செய்யும்போது, தொழுநோயாளிகளாகிய நாம் என்றுதான் சொல்வார். அப்போது அவருக்கு நோயே இல்லை!

ஏன் இப்படிச் செய்தார் தெரியுமா? மனிதர்களுக்காக இயேசு தம் உயிரைத் தாமே விரும்பிக் கொடுத்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. நோயாளிக்குச் செய்யும் உதவி இயேசுவுக்கே செய்வது என்றும் அவர்கள் நம்புகிறார்கள். டேமியன் அதைப் பிரசங்கத்தோடு நிறுத்தாமல் வாழ்ந்து காட்டினார்.

தியாகம் அவருக்குச் சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். தனிமை அவரை வாட்டியது. ஒரு சமயம், அவரும் அந்த இடத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று அரசு தடை போட்டது. கத்தோலிக்கர்கள் தங்கள் தவறுகளைப் பாதிரியாரிடம் ரகசியமாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்கள். டேமியனைப் பார்க்கக் கப்பலில் ஒரு மூத்த பாதிரியார் வந்தார். ஆனால், கப்பலில் ஏற டேமியனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? சிறு படகில் நின்றபடி, கப்பல் தளத்தில் நின்றவரிடம் தன் தவறுகளை உரக்கக் கத்திச் சொன்னார்!

1884 டிசம்பரில் ஒருநாள், களைத்த கால்களை வெந்நீரில் வைத்தார். தோல் வெந்து கொப்பளித்தது. ஆனால், வலியே தெரியவில்லை. உணர்ச்சி மரத்துப் போவது தொழுநோயின் அடையாளம். அவருக்குப் புரிந்துவிட்டது. அதுவரை அன்பினால் சொன்ன 'நாம்' இப்போது உண்மையாகவே ஆகிவிட்டது.

அவர் சாக ஆசைப்பட்டவர் அல்ல. 1886ல் ஹொனலுலு சென்று, ஜப்பானிய மருத்துவர் ஒருவரின் முறைப்படி சிகிச்சை எடுத்தார். பிறகு தன் மக்களிடமே திரும்பினார். உடல் ஒத்துழைத்தவரை கட்டட வேலை செய்தார். கடைசி ஆண்டுகளில் ஜோசப் டட்டன், மரியான் கோப் போன்றோர் துணைக்கு வந்தார்கள். தனக்குப் பிறகும் பணி தொடரும் என்ற நிம்மதி கிடைத்தது. 1889 ஏப்ரல் 15ல், 49வது வயதில் டேமியன் இறந்தார். முதல் இரவுகளில் படுத்திருந்த அதே தாழை மரத்தின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள்.

1936ல் அவர் உடல் பெல்ஜியத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1995ல் அவருடைய வலது கையின் எலும்புகள் மட்டும் மொலோகாய்க்குத் திரும்பி வந்தன. புண்களைக் கழுவிய கை அல்லவா! 2009ல் போப் 16ம் பெனடிக்ட் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

டேமியன் தீவுக்குப் போன அதே 1873ல்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தார். இன்று அந்த நோயை மாத்திரைகளால் முழுமையாகக் குணப்படுத்தலாம். தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் நோயும் அல்ல அது. அதனால், தொழுநோய் வந்தவர்களைக் கண்டு விலக வேண்டியதே இல்லை.

நோயாளிகளை அந்தத் தீவுக்குக் கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள். டேமியனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பிப் போனார், விரும்பி இருந்தார். தியாகம் என்பது அதுதான்.

உங்கள் வகுப்பிலும் யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம். நாளைக்கு உங்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். 'நாம் சாப்பிடலாமா?' என்று கேட்டுப் பாருங்களேன்!