துணைவிக்குச் செவிலியான காந்தியடிகள்

பெரியோரைப் பேரவைகளிலும் போராட்டங்களிலும் வைத்துக் காண்பதே நம் வழக்கம். ஆயினும், ஒருவரது உள்ளத்தின் உண்மை நிறம் இல்லத்து நோய்ப்படுக்கையின் அருகே விளங்குவதுபோற் பிற இடங்களில் விளங்குவதில்லை. காந்தியடிகளின் வாழ்க்கையை அவ்விடத்தினின்று சிறிது நோக்குவோம்.

1869-ஆம் ஆண்டில் போர்பந்தரிற் பிறந்த அடிகள், அவ்வாண்டிலேயே அந்நகரிற் பிறந்த கஸ்தூரிபாயை இளமைப் பருவத்திலேயே மணந்தார். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராய் விளங்கிய நாளிலும் பிணியாளர்க்குப் பணி செய்வதில் அவருக்கு ஆர்வம் மிகுதி. 1900-ஆம் ஆண்டில் இளைய மைந்தர் தேவதாஸ் பிறந்தபோது, வைத்தியர் வருமுன் பிரசவ வேதனை முற்றியது. அதற்கென முன்னரே நூல் கற்றிருந்த அடிகள், தாமே மருத்துவிச்சியாய் நின்று குழந்தையைக் கையேந்தினார்.

1908-ஆம் ஆண்டு நவம்பரில், சத்தியாக்கிரகத்தின் பொருட்டு அவர் டிரான்ஸ்வால் சிறையில் இருந்தார். துணைவியார் கடுநோயுற்றார் என்னும் தந்தி அங்கு வந்தது. அபராதம் செலுத்தின் உடனே வெளிவரலாம். அவர் செலுத்தவில்லை, கடிதம் மட்டும் எழுதினார்.

விடுதலையான பின், 1909-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உதிரப்போக்கினால் நலிந்த அம்மையாருக்கு டர்பன் நகரில் ரணசிகிச்சை நிகழ்ந்தது. உடல் மிக மெலிந்திருந்தமையின் குளோரோபாரம் கொடுக்க இயலவில்லை. அம்மையார் உணர்வோடிருந்தே அவ்வேதனையைப் பொறுத்தார். சில நாட்களில், உயிர் பிழைக்க மாட்டிறைச்சிச் சாறு வேண்டும் என்றார் வைத்தியர். அன்றேல் தாம் பொறுப்பேற்க இயலாது என்றும் கூறிவிட்டார். அடிகளுக்கு அவ்வுணவில் உடன்பாடில்லை. எனினும் தம் கொள்கையை மனைவியின் உயிர்மேற் சுமத்தாது, நிலைமையை விளக்கி அவரையே கேட்டார். அம்மையார் உறுதியாக மறுத்தார்.

தூறல் வீழ்ந்துகொண்டிருந்த அன்றே அடிகள் அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். டர்பன் நிலையத்தில் எலும்பும் தோலுமாய் இருந்தவரைத் தம் கைகளிலேயே தாங்கிச் சென்று ரயிலில் ஏற்றினார். பீனிக்ஸ் நிலையத்திலிருந்து குடியிருப்புக்கு இரண்டரை மைல். நண்பர் வெஸ்ட் ஆட்களுடன் கொணர்ந்திருந்த தூளியில் அவரைச் சுமந்து சென்றனர். அங்கே அடிகள் நீர்ச்சிகிச்சை செய்ய, அம்மையார் மெல்லத் தேறினார்.

உதிரப்போக்கு மீண்டும் தோன்றியபோது, உப்பையும் பருப்பையும் விலக்குமாறு அடிகள் வேண்டினார். உம்மால் அவற்றை விட முடியுமோ என்று அம்மையார் வினவினார். நோயில்லாத அடிகள் அக்கணமே அவ்விரண்டையும் ஓராண்டுக்கு விட்டொழித்தார். அம்மையார் கலங்கி, அச்சபதத்தைக் கைவிடுமாறு இறைஞ்சியும் அவர் இசையவில்லை. அம்மையாரும் அப்பத்தியத்தை மேற்கொண்டு நலமடைந்தார்.

1944-ஆம் ஆண்டில், பூனா ஆகாகான் மாளிகைச் சிறையில் அம்மையார் இறுதி நோயுற்றார். தந்தை கையேந்திய தேவதாஸே அன்று தாய்க்காகப் பெனிசிலின் மருந்தை வருவித்தார். பலமுறை ஊசி குத்தி அவரை வருத்த வேண்டாம் என்று அடிகள் மைந்தரை இணங்கச் செய்தார். பிப்ரவரி 22-ஆம் நாள் அம்மையார் கணவரின் மடியிலேயே உயிர் நீத்தார்.

தந்தையின் முடிவோ மைந்தரின் விழைவோ எது நேரிது என்று கூறுதல் எளிதன்று. நோயாளியைத் தாங்குங் கைகள் வலியனவாயின் மட்டும் போதா. அவர் உள்ளம் வேண்டுவது யாதெனக் கேட்கும் பொறுமையும் வேண்டும். டர்பனில் அடிகள் அங்ஙனம் கேட்டார். விடை கூறும் ஆற்றல் அம்மையாருக்கு இருந்தது. அவ்விருவர் வாழ்விலும் நாம் கற்கத்தக்கது அதுவே.