மெய்கண்டார் கண்ட அறத்தின் வேர்

சந்தான குரவர் நால்வருள் முதல்வராகிய மெய்கண்ட தேவர் 13-ஆம் நூற்றாண்டினர். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகவின்றி வருந்தித் திருவெண்காட்டு முக்குள நீராடி வழிபட, இவர் தோன்றிச் சுவேதவனப்பெருமாள் எனப் பெயர் பெற்றார். திருவெண்ணெய்நல்லூரில் மாமன் இல்லத்தில் வளருங்கால், பரஞ்சோதி முனிவர் அவ்விளங்குழவிக்கு மெய்ப்பொருள் உணர்த்தி, மெய்கண்டார் என்னும் திருநாமமும் சூட்டியருளினார் என்பது மரபு.

அவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே உடையது. வினை தானே பயன் தரும், இறைவன் வேண்டா என்பர் மீமாஞ்சகர். வினையோ அறிவற்ற சடம். செய்தவனை அறிந்து சென்று சேர மாட்டாது. உயிரோ நல்லதன் பயனை விரும்புமேயன்றித் தீயதன் பயனைத் தானே தேடிக் கொள்ளாது. ஆதலின், இருவினைப் பயனை ஊட்டுவது இறைவன் ஆணையே என்பது இரண்டாஞ் சூத்திரத்தால் பெறப்படும். அறநெறியின் வேர் அவ்வாணையே. அவ்வாணையும் அருளின் வடிவே. ஒறுத்தலும் மலம் நீக்கும் மருந்தே.

குலகுருவாகிய சகலாகம பண்டிதர் ஒருநாள் செருக்குடன் வந்து, ஆணவத்தின் இயல்பு யாதென வினவினார். பிள்ளையார் வாய் திறவாது அவரையே அடிமுதல் முடிவரை நோக்கினார். குறிப்புணர்ந்த முதியவர் அவர்தம் திருவடியில் வீழ்ந்தார். அருணந்தி சிவாசாரியராய்ச் சிவஞானசித்தியார் அருளினார்.

குருபரப்பள்ளி அன்பர்களே! திருப்பணிக்குப் பொருள் ஈந்தோர் பெயர் கல்லில் நிற்கலாம். யான் ஈந்தேன் என்னும் எண்ணம் எழின், அந்நோக்கு நம்மேலும் வீழும். ஈயும் மனத்தைத் தந்தவனும் அவனே எனத் தெளிவோமாக.