காற்றைப் பணிகொண்ட பவுல் லா கூர்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும், செங்கோட்டைக் கணவாயின் வழியே இறங்கும் மேல்காற்று சுரண்டையைச் சூழ்ந்த வெளிகளில் தங்குதடையின்றி வீசும். அதனை நம்பியே அப்பக்கத்தில் காற்றாலைகள் நிரைநிரையாக எழுப்பப்பட்டிருக்கின்றன. ஆடியில் ஓயாது சுழலும் அவை ஐப்பசியில் பெரும்பாலும் சோம்பி நிற்பதையும் அவ்வூரார் அறிவர். வீசுங்கால் மிகுந்தும், வேண்டுங்கால் இல்லாதொழிந்தும் போகின்ற இக்காற்றை ஒழுங்குள்ள ஊழியனாக்குவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு ஆராய்ச்சி முறையால் விடை தேடியவருள் முதன்மையாக வைத்தெண்ணத் தக்கவர் பெருஞ்செல்வரல்லர், ஆலை முதலாளியுமல்லர். டென்மார்க்கு தேசத்தில் நாட்டுப்புறக் கலாசாலை ஒன்றில் உபாத்திமைத் தொழில் புரிந்த பவுல் லா கூர் என்பவரே.

டேனியர் என்றதும் தமிழராகிய நமக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வரும். 1845ம் ஆண்டில் அவ்வூர் ஆங்கிலேயருக்கு விலைப்பட்டது. அதற்கு மறு ஆண்டு, 1846 ஏப்ரல் 13ந் தேதி, லா கூர் பிறந்தார். இளமையில் பௌதிக சாஸ்திரமும் வானிலை நூலும் பயின்று, 1872ல் கோப்பன்ஹேகனில் வானிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியபோது அதன் துணைத்தலைவர்களுள் ஒருவராக அமர்ந்தார். அங்கிருந்தபொழுதே தந்தித் துறையில் அவர் கருத்துச் சென்றது. இசைக்கவையின் அதிர்ச்சியைக்கொண்டு, தொலைவிலுள்ள இரண்டு சக்கரங்களை ஒரே வேகத்தில் சுழலச் செய்யும் ஒலிச்சக்கரம் அவர் கண்டுபிடித்ததாகும். ஒரே கம்பியில் பல செய்திகளை அனுப்புதற்குப் பிறர் அதனைப் பயன்படுத்தினர். தலைநகரிலேயே தங்கியிருந்தால் பெயரும் பொருளும் அவரைத் தேடி வந்திருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் 1878ல் அவர் ஆஸ்கோவ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். உழவர் மக்கள் பரீட்சையும் பட்டமும் நாடாது கல்வி கற்கும் உயர்தர மக்கட் பள்ளி ஒன்று அங்கு இருந்தது. 1864ம் ஆண்டுப் போரில் ஷிலெஸ்விக் நாட்டை இழந்து மனமுடைந்திருந்த டேனியர், வெளியே இழந்ததை உள்ளே தேடிக்கொள்வோம் என்று துணிந்து வளர்த்த நிலையங்களுள் அது தலையாயது. கணிதத்தையும் பௌதிகத்தையும் அவை வளர்ந்த வரலாற்று முறையிலேயே கற்பித்து, அம்முறையில் நூல்களும் இயற்றினார் லா கூர்.

அக்காலத்தே மின்விளக்கும் மின்விசையும் நகரங்களையே நாடிச் சென்றன. கிராமத்து இளைஞரும் அவற்றின் பின்னே சென்றனர். நிலக்கரி விளையாத தம் நாட்டிலே சிற்றூர்கள் இருளில் கிடந்து ஆளொழிந்து போகுமோ என்ற கவலை அவரை வாட்டியது. டென்மார்க்கில் குறைவின்றிக் கிடைப்பது காற்று ஒன்றே. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் 1887லும், அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் 1888லும் காற்றினால் மின்சாரம் ஆக்கித் தத்தம் வீடுகளில் விளக்கேற்றியிருந்தனர். லா கூரோ ஒரு வீட்டை யன்று, ஊர்களையே கருதினார். அரசாங்கத்தாரிடம் பொருளுதவி பெற்று, 1891ல் ஆஸ்கோவில் தம் முதற் சோதனை ஆலையை நிறுவினார்.

காற்றின் வேகம் ஏறியிறங்க, ஆலையின் விசையும் உடன் ஏறியிறங்குமன்றோ? இதனை அடக்கும் பொருட்டு, எடை தொங்கவிட்ட வாரும் சக்கரமும் கொண்ட கருவி ஒன்றை அமைத்து, மின்னாக்கியைச் சேரும் விசை ஒரே அளவாக இருக்கும்படி செய்தார். அடுத்தது சேமித்து வைக்கும் வழி. மின்சேமக்கலங்கள் அந்நாளில் விலை மிகுந்தவை. ஆகவே மின்சாரத்தை நீரிற் பாய்ச்சி, நீரக வாயுவையும் பிராண வாயுவையும் வெவ்வேறாகப் பிரித்துத் தொட்டிகளில் நிரப்பி, 1895 முதல் ஏழாண்டுகள் பள்ளிக்கு அவ்வாயுவினாலேயே விளக்கேற்றினார். நீரக வாயுவிற் சிறிது பிராண வாயு கலந்துவிடுமாயின் வெடி எழும். பள்ளிக் கட்டடங்களின் சன்னற் கண்ணாடிகள் இவ்வாறு பன்முறை உடைந்து மாற்றப்பட்டன. அதனைப் பொறுத்துக்கொண்ட பள்ளியாரையும் நாம் பாராட்டவேண்டும்!

1897ல் எழுந்த பெரிய ஆலையில் அவர் இறக்கைகளை ஆராய்ந்தார். குழாயினுள் காற்றை ஓட்டி, அதில் சிறு மாதிரிகளை நிறுத்தி அளந்து, இறக்கைகள் பலவாயிருப்பதினும் சிலவாய் விரைந்து சுழல்வதே நன்று என்று நிலைநாட்டினார். பின்னர் வாயு முறையை விடுத்துச் சேமக்கலங்களையே கைக்கொண்டார். காற்றுத் தளரும்பொழுது கலத்திலுள்ள மின்சாரம் மின்னாக்கிக்குத் திரும்பி ஓடி வீணாகாதபடி, தானே இணைப்பை அறுத்துத் தானே சேர்க்கும் ஒரு திறவையும் செய்தார். காற்று முற்றும் ஓய்ந்த நாட்களுக்கு எண்ணெயாலோ வாயுவாலோ ஓடும் எஞ்சின் துணை நின்றது. ஆலை, கலம், எஞ்சின் ஆகிய இம்மூன்றன் கூட்டே நாட்டுப்புற மின்னிலையங்களுக்கு மாதிரியாயிற்று. 1903ல் காற்று மின்சாரச் சங்கம் ஒன்றைக் கூட்டி, மறு ஆண்டு முதல் கிராம இளைஞருக்கு மின்தொழில் பயிற்றுவித்தார். 1908 ஏப்ரல் 24ந் தேதி, அறுபத்திரண்டாம் வயதில் காலஞ்சென்றார்.

1918ம் ஆண்டளவில் அந்நாட்டில் ஏறக்குறைய 120 கிராம மின்னிலையங்கள் காற்றினால் இயங்கின. 1904ல் அவரிடம் பயின்ற யொஹானஸ் யூல் என்பவர் 1957ல் கெட்ஸர் என்னுமிடத்தில் மூன்றிறக்கைகளோடு 200 கிலோவாட் ஆற்றலுள்ள காற்றாலையை எழுப்பினார். பிற்காலத்து டேனியக் காற்றாலைகள் அதன் வழிவந்தவையே. அவ்வறிவு நம் நாட்டிற்கும் வந்தது. கட்டபொம்மன் 1799ல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், டேனிய அரசாங்கத்தின் உதவியோடு காற்றாலைச் சோதனை நிலையம் அமைந்தது.

இப்பொழுது லா கூரின் வினா வேறோர் உருவில் எழுந்துள்ளது. சென்னையில் அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் உள்ள தரவு மையங்களில் எண்ணிறந்த கணிப்பொறிகள் அல்லும் பகலும் இயங்குகின்றன. கணப்பொழுதும் அவற்றிற்கு மின்சாரம் தடைப்படலாகாது. இத்தகைய மையங்களுக்கென்று காற்றாலை, இயற்கை எரிவாயு எஞ்சின், சேமக்கலம் ஆகிய மூன்றையும் ஒருங்கு பிணைக்கும் திட்டங்கள் அமெரிக்காவில் வகுக்கப்படுகின்றன. ஆஸ்கோவின் அமைப்பே இது. அளவுதான் பன்மடங்கு பெரிது. இக்காலத்துச் சேமக்கலங்களும் பெரும்பாலும் சில மணி நேரத்திற்கே போதும். மாலையில் தளரும் காற்றுக்கு அவை ஈடு செய்யும். சுரண்டையில் ஐப்பசி முதல் நீளும் ஓய்வுக்கு ஈடு செய்யா. அங்கே எரிவாயு வந்து நின்றால் கரிவாயுவும் உடன் வரும்.

இதில் நம் உள்ளத்தை உறுத்துவது பிறிதொன்று. லா கூர் காற்றைப் பிடித்தது சிற்றூரின் விளக்குக்காக, சிற்றூரின் பிள்ளைகள் அங்கேயே தொழில் கற்று வாழ்வதற்காக. சுரண்டைக் காற்றிற் பிறக்கும் மின்சாரமோ கம்பிகளின் வழியே எங்கெங்கோ செல்கின்றது. அப்பக்கத்து இளைஞர் பலரும் அதே திசையில் வேலை தேடிச் செல்கின்றனர். தரவு மையங்கள் வரட்டும். அவற்றிற்குக் காற்றைக் கொடுக்கும் ஊர்களுக்குத் திரும்பி வருவது யாது என்பதையும் அத்திட்டங்களை வகுப்போர் கணக்கில் எழுதவேண்டும்.

ஆஸ்கோவின் சோதனை ஆலை இந்நாளில் லா கூரின் பெயர் தாங்கிய பொருட்காட்சிசாலையாக விளங்குகின்றது.