சோடா தந்தவரின் எரிந்த ஆய்வுகூடம்

ஒட்சிசன் என்றதும் பாடசாலையில் நாங்கள் மனனம் செய்த பெயர் ஜோசப் பிரீஸ்ட்லி. அவர் வீடு எரிக்கப்பட்டு நாட்டை விட்டுப் போனவர் என்பது எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகே தெரியவந்தது.

1733 இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில், துணிக்கு மெருகேற்றும் தொழிலாளி ஒருவருக்குப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து மாமியிடம் வளர்ந்தார். பேச்சில் திக்கல். அரச திருச்சபையை ஏற்காத குடும்பம் என்பதால் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் கதவுகள் அவருக்கு மூடியே இருந்தன. அப்படிப்பட்டவர் மதபோதகராகி, 1767 இல் லீட்ஸ் நகருக்கு வந்தார்.

அங்கே அவருடைய வீட்டுக்குப் பக்கத்தில் பியர் வடிக்கும் சாலை ஒன்று இருந்தது. நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத வாயு ஒன்று படிந்து நிற்பதையும், அதற்குள் பிடித்த எரியும் மரச்சிராய் அணைந்துபோவதையும் கவனித்தார். இன்று நாம் காபனீரொட்சைட்டு என்பது அதுதான். தொட்டிக்கு மேலே இரண்டு பாத்திரங்களை வைத்து, தண்ணீரை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறி மாறி ஊற்றினார். சில நிமிடங்களில் தண்ணீர் நுரைத்தது.

பிறகு பியர் சாலை இல்லாமலே செய்யும் முறையை 1772 இல் சிறு நூலாக வெளியிட்டார். வெண்கட்டியில் சல்பூரிக்கமிலத்தை விட்டு, கிளம்பும் வாயுவைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் பிடித்து, தண்ணீருக்குள் செலுத்திக் குலுக்க வேண்டும். மாலுமிகளின் ஸ்கேவி நோயை இந்த நீர் தடுக்கும் என்று நம்பினார். அது நடக்கவில்லை. காசு பார்த்தவரும் அவரல்ல, பின்னர் தொழிலாக்கிய ஸ்வெப்.

கனடாவில் வீட்டில் பியர் வடிக்கும் நண்பர் ஒருவர், பீப்பாவில் வாயு ஏறவில்லை என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். நான் கேட்டவை மூன்று: பீப்பா குளிராக இருக்கிறதா, மூடியால் வாயு கசிகிறதா, எத்தனை நாள் பொறுத்தீர்கள்? 4 பாகை செல்சியஸில் 10 முதல் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு வாரமாவது வேண்டும். சூடான திரவம் வாயுவைப் பிடித்துவைக்காது. அவசரமென்றால் குலுக்கலாம், அது பிரீஸ்ட்லியின் அதே குலுக்கல்தான். அழுத்தம் கூடினால் கரையும் வாயுவும் அதே விகிதத்தில் கூடும் என்ற விதியை வில்லியம் ஹென்றி 1803 இல் தந்தார், பிரீஸ்ட்லி இறப்பதற்கு முந்தைய வருடம்.

பேர்மிங்ஹாமில் குடியிருந்தபோது பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தார், திருச்சபைக்கு வெளியே நின்றவர்களின் உரிமைக்காக எழுதினார். 1791 ஜூலை 14 அன்று புரட்சியின் நினைவாக அங்கு ஒரு விருந்து நடந்தது. அவர் அதற்குப் போகவேயில்லை. மனைவி மேரியுடன் தாயம் போன்றதொரு பலகை விளையாட்டில் இருந்தபோதுதான் கும்பல் வருகிறது என்று செய்தி வந்தது. உடுத்த உடுப்போடு ஓடினார்கள். முதலில் அவருடைய தேவாலயம், பிறகு வீடு. கொளுத்த நெருப்புக் கிடைக்காமல், அவருடைய மின்பொறியிலிருந்தே தீப்பொறி எடுக்கப் பார்த்தார்களாம். நூலகமும் கருவிகளும் வருடக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளும் போயின. புத்தகம் எரிவது என்னவென்று எங்கள் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. உள்ளூர் அதிகாரிகள் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. இராணுவம் வந்துசேர நாட்கள் எடுத்தன.

நட்டஈடு கிடைத்தது, கேட்டதைவிடக் குறைவாக. லண்டனில் விஞ்ஞான நண்பர்கள் பலரும் முகம் கொடுக்கவில்லை. 1794 இல் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், நோதம்பர்லாந்து என்ற சிற்றூரில் குடியேறினார். 1795 இல் இளைய மகன் இறந்தான். அடுத்த வருடம், தானே திட்டமிட்ட புதிய வீடு கட்டி முடியுமுன் மேரியும் போய்விட்டார். அந்த வீட்டில் பிரீஸ்ட்லி மீண்டும் ஒரு ஆய்வுகூடம் அமைத்து, 1804 பெப்ரவரியில் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். வீடு இன்றும் நிற்கிறது, அருங்காட்சியகமாக.